இரண்டு திரை கன்சோலில் விளையாடியவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

பழைய கேட்ரிட்ஜ்:

ஏஒய்என் தோர், அயனியோ ஃபிளிப் டிஎஸ் என்று மடக்குகிற, இரண்டு திரை வைத்த கையடக்கக் கருவிகள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன. அவற்றைப் பார்த்ததும் எங்கள் நண்பர்கள் குழுவில் பழைய சண்டையும் திரும்பிவிட்டது. இரண்டாவது திரை உண்மையிலேயே வேலைக்கு ஆகிறதா, இல்லை விற்பதற்காகக் காட்டுகிற வித்தையா?

நின்டெண்டோ இதை 1982லேயே தொடங்கியாயிற்று. கேம் அண்டு வாட்ச் வரிசையில் ஆயில் பேனிக், டாங்கி காங் இரண்டும் இரட்டைத் திரைதான். 2004இல் டிஎஸ், 2011இல் 3டிஎஸ். இவையெல்லாம் கையில் வைத்து ஆடுபவை. வீட்டுக்கென்று 2012இல் வீ யூ வந்தது: ஒரு திரை டிவி, இன்னொன்று மடியில் இருக்கும் கேம்பேடு, அதாவது திரை வைத்த கன்ட்ரோலர். டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. வீ யூ ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. வீ யூ என்ற பெயரைப் பார்த்து, 'வீ' என்ற பழைய கன்சோலுக்கு வந்த துணைக்கருவி என்று நினைத்தவர்கள் உண்டு. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இரண்டிலும் விளையாடிய எனக்கு, கண் எவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. டிஎஸ்ஸில் இரண்டு திரைக்கும் நடுவே ஒரு கீல். வீ யூவில் நடுவே ஒரு ஹால்.

ஸ்பெக் பட்டியல் வேண்டாம். எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில் இரண்டாவது திரை கைகொடுத்தது, எங்கே எரிச்சலைக் கிளப்பியது, அதைச் சொல்லுங்கள்.

நெல்லை ஸ்டைலஸ்:

என் ஓட்டு எட்ரியன் ஒடிஸி என்ற டிஎஸ் ஆட்டத்துக்கு. மேல் திரையில் காட்டுக்குள் நடந்துகொண்டிருப்போம். கீழ்த் திரையில் வெறும் கட்டங்கள். சுவர் எங்கே, கதவு எங்கே, பெட்டி எங்கே என்று நாமேதான் ஸ்டைலஸால், அதாவது தொடுதிரைப் பேனாவால், வரைய வேண்டும். ஆட்டம் நமக்காக வரைபடம் போட்டுத் தராது. வழியில் சுற்றும் பெரிய எதிரிகள் நாம் ஓர் அடி வைத்தால் தாங்களும் ஓர் அடி வைக்கும். அதனால் மேலே பார்த்து நடந்து, கீழே பார்த்துக் கணக்குப் போட்டு, மறுபடி மேலே பார்த்து என்று கண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைகூட அது தொந்தரவாகத் தெரிந்ததில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று ஆட்டம் அவசரப்படுத்துவதில்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன். நான் நின்றால் எல்லாம் நிற்கும்.

அப்போது சிங்கப்பூரில் வேலை. எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால்தான் டிஎஸ்ஸை வெளியே எடுப்பேன்; நின்றுகொண்டு ஒரு கையால் வரைகிற வேலை நடக்காது. ஒருநாள் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீட்டு பிளானா?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டேன். அடுத்து, "கிழக்குப் பக்கம் வாசல் வைக்கலையே" என்றார். மூன்றாவது தளத்தில் கிழக்கே வாசல் வைத்தால் ஆட்டத்தில் என் வீரர் குழு மொத்தமும் செத்துவிடும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

2023இல் இந்த ஆட்டங்கள் நின்டெண்டோவின் ஒற்றைத் திரை கன்சோலான ஸ்விட்சுக்கு வந்தபோது ஒரே திரையைப் பிரித்து ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வரைபடம் என்று ஆக்கினார்கள். விளையாட முடிகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிவியில் இணைத்து ஸ்டிக்கால் சுவர் போடும்போது, வரைகிற சுகம் போய் டேட்டா என்ட்ரி வேலை மாதிரி ஆகிவிடுகிறது.

இரவுக்கழுகு:

நெல்லை அண்ணன் சொன்னதற்கு நேர் எதிரான ஆட்டம் ஒன்று இருக்கிறது. தி வேர்ல்டு எண்ட்ஸ் வித் யூ. சண்டை வந்தால் இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் நடக்கும். கீழே கதாநாயகனை ஸ்டைலஸால் இழுக்க வேண்டும், கீற வேண்டும், தட்ட வேண்டும். மேலே அவனுடைய கூட்டாளியை டி-பேடால் (திசைப் பொத்தான்களால்) ஆட வைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உயிர்க்கோடு. மேலே நாம் கவனிக்காவிட்டால் ஆட்டமே கூட்டாளியைப் பார்த்துக்கொள்ளும், அந்த வசதி உண்டு. அதை வைத்துத்தான் பெரும்பாலானவர்கள் தப்பித்தார்கள்.

நானும் முதலில் அப்படித்தான் ஓட்டினேன். கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது: மேல் திரையைப் "பார்க்க" வேண்டியதே இல்லை. கண் கீழேயே இருக்கட்டும். ஓரப் பார்வையில் மேலே என்ன அசைகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு பேருக்கும் இடையே ஒரு பச்சை ஒளி மாறி மாறிப் போகும், அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வலு அதிகம். அந்த ஒளியின் தாளம் கைக்கு வந்துவிட்டால் மேலே கீழே என்ற நினைப்பே போய்விடும். இதே ஆட்டம் பின்னால் ஐபோனுக்கும் ஸ்விட்சுக்கும் ஒரே திரையில் வந்தது. கதை அதேதான், சண்டை வேறு. தம்பி ஸ்விட்சில்தான் விளையாடினான். இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்காது.

கடலூர்க்காரி:

யோஷீஸ் ஐலண்டு டிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் இரண்டு திரையும் சேர்ந்து ஒரே நெடிய காட்சி. நடுவில் இருக்கும் கீல் பகுதியையும் உலகத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த இடைவெளிக்குள் எதிரி இருந்தால் தெரியாது, முட்டையைக் குறிபார்த்து வீசினாலும் அங்கே போகும்போது மாயமாகிவிடும். வரைபடம் தனி, ஆட்டம் தனி என்றால் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. காட்சியையே இரண்டாக வெட்டினால்தான் தலைவலி.

ஒத்தத்திரை:

எல்லாரும் நல்ல உதாரணங்களாகப் பொறுக்கி எடுக்கிறீர்கள். டிஎஸ்ஸில் வந்த ஆட்டங்களில் பெரும்பகுதி கீழ்த் திரையில் ஒரு பை, ஒரு மெனு, ஒரு படம், அவ்வளவுதான் வைத்திருந்தது. சோனியின் கையடக்கக் கருவி பிஎஸ்பி அதே 2004இல் ஜப்பானில் வந்தது, ஒரே அகலத் திரை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது. ஸ்விட்ச் ஒரே திரையோடு வந்து கொடிகட்டிப் பறக்கிறது. இரண்டாவது திரை இல்லாமல் யார் அழுதார்கள்?

பழைய கேட்ரிட்ஜ்:

ஒத்தத்திரை நண்பரே, "வெறும் மெனு" என்று சொல்வதில்தான் நான் மாறுபடுகிறேன். ஒக்கரினா ஆஃப் டைம் ஆட்டத்தின் நீர்க்கோயில் நினைவிருக்கிறதா? 1998இல் நின்டெண்டோ 64இல் இரும்புக் காலணியைப் போட ஆட்டத்தை நிறுத்தி, மெனுவுக்குள் போய், பக்கம் திருப்பி, மாட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். கழற்றவும் அதே சடங்கு. தண்ணீருக்குள் இறங்க ஒரு தரம், ஏற ஒரு தரம். கோயில் முழுக்க இதே வேலைதான். 2011இல் 3டிஎஸ்ஸுக்கு வந்தபோது காலணியைத் தொடுதிரையின் ஓரத்தில் ஒரு பொத்தானாக வைத்துவிட்டார்கள். ஒரு தட்டு, முடிந்தது. எத்தனையோ பேரை ஓட வைத்த கோயில் சும்மா நல்ல கோயிலாக ஆகிவிட்டது. மெனு எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

ஸ்விட்ச் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை.

மெமரிகார்டு:

வீ யூ வைத்திருந்த கொஞ்சம் பேரில் நானும் ஒருவன், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக ஆடும்போது எப்படி என்று முதலில் சொல்கிறேன். ஸோம்பியூ என்று ஓர் ஆட்டம். பையைத் திறந்தால் பொருள்கள் எல்லாம் கேம்பேடில் வரும், ஆனால் டிவியில் ஆட்டம் நிற்காது. குனிந்து மருந்தைத் தேடும்போது பிணம் நடந்து வந்துகொண்டிருக்கும். அந்தப் பயம் அசல். அங்கே பார்வை மாறுகிற சிரமத்தையே ஆட்டமாக ஆக்கிவிட்டார்கள், அதனால் எடுபட்டது. 2016இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோவில் அதே சிரமம் வெறும் சிரமமாகவே இருந்தது. டிவியில் விமானத்தைப் பின்னாலிருந்து பார்க்கிறோம், குறி பார்ப்பது கேம்பேடில் தெரியும் விமானி அறையிலிருந்து. வேகமாகப் பறந்துகொண்டே தூரத்துக்கும் மடிக்கும் கண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் சரியாகச் செய்கிற நிலை வந்தபோது ஆட்டம் முடியப் போயிற்று.

ஸ்ப்ளட்டூன் நடுத்தரம். வரைபடம் கேம்பேடில் நிரந்தரமாக இருக்கும், கூட்டாளியின் மேல் தட்டினால் அங்கே தாவிப் போகலாம். ஸ்விட்சில் வந்த இரண்டாம் பாகத்தில் வரைபடத்துக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அது திரையை மறைத்துக்கொண்டு வரும். எனக்குப் பழைய முறைதான் பிடித்தது, ஆனால் பாதி நேரம் நான் குனிந்து பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

இப்போது வீட்டில் பலர் கூடி ஆடுவதற்கு வருகிறேன். நின்டெண்டோ லேண்டில் மரியோ சேஸ். கேம்பேடு வைத்திருப்பவர் ஓடுபவர், அவருக்கு முழு வரைபடமும் தெரியும். மற்றவர்கள் டிவியைப் பார்த்துத் துரத்த வேண்டும். தரையில் பகுதிக்கு ஒரு நிறம், அதனால் "மஞ்சள்ல இருக்கான்!", "இல்ல, நீலத்துக்குப் போயிட்டான்!" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். லூயிஜியின் பேய் மாளிகை இன்னும் மேல்: பேய் கேம்பேடில் மட்டும்தான் தெரியும், கிட்டே வந்தால் மற்றவர்கள் கையில் இருக்கும் ரிமோட் அதிரும். எங்கள் சித்தப்பா வாழ்நாளில் கேம் தொட்டதில்லை. பொங்கலுக்கு வந்தவர் கேம்பேடைப் பிடித்துக்கொண்டு ஹாலின் மூலையில் போய் உட்கார்ந்து பேயாக ஆடினார், யாரிடமும் திருப்பித் தரவில்லை. அவருக்கு வெள்ளெழுத்து. டிவிக்குக் கண்ணாடி வேண்டாம், கேம்பேடுக்குக் கண்ணாடி வேண்டும். ஸ்டார் ஃபாக்ஸ் போன்ற ஓர் ஆட்டத்தை அவரால் தொடவே முடியாது. பேயாட்டத்தில் ஒரு திரையை மட்டும் பார்த்தால் போதும், அதனால் எந்தச் சிக்கலும் இல்லை.

இதுதான் என் கணக்கு. வீட்டுக் கன்சோலில் ஒரே ஆளுக்கு இரண்டு திரை கொடுத்தால் திண்டாட்டம். ஆளுக்கு ஒரு திரை, ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது என்றால் அதற்கு ஈடான ஒன்றை வேறெந்தக் கன்சோலிலும் நான் கண்டதில்லை. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் யாரும் வாங்கவில்லை.

அப்புறம், அம்மா சீரியல் போட்டதும் டிவியை விட்டுவிட்டு ஆட்டத்தை அப்படியே கேம்பேடில் தொடரலாம். எங்கள் வீட்டில் அந்த 6.2 அங்குலத் திரை அதிகம் உழைத்தது இதற்குத்தான். ப்ரெத் ஆஃப் தி வைல்டு ஆட்டத்தை 2014இல் காட்டியபோது வரைபடம் கேம்பேடில் இருந்தது. 2017இல் வெளிவந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், மொத்த ஆட்டத்தையும் கேம்பேடுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி மட்டும் மிஞ்சியது. செய்தவர்களே எந்த முடிவுக்கு வந்தார்கள் பாருங்கள்.

நெல்லை ஸ்டைலஸ்:

சித்தப்பா கதைக்கு ஒரு சல்யூட். ஆளுக்கொரு திரை என்ற யோசனை வீ யூவுக்கு முன்பே உண்டு. நின்டெண்டோவின் பழைய வீட்டுக் கன்சோல் கேம்கியூபில் ஃபைனல் ஃபேண்டஸி கிரிஸ்டல் கிரானிக்கிள்ஸ் பலர் சேர்ந்து ஆட ஒவ்வொருவருக்கும் ஒரு கேம்பாய் அட்வான்ஸ் (திரை வைத்த கையடக்கக் கருவி), ஒரு கேபிள் வேண்டும். நாலு பேர், நாலு கேம்பாய், நாலு கேபிள். அந்தச் செலவுக்கு ஒரு சைக்கிளே வாங்கலாம். அதற்கும் முன்னால் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் செருகும் விஎம்யூ என்ற குட்டித் திரை வைத்த மெமரி கார்டு இருந்தது. 48க்கு 32 புள்ளிகள்தான், கறுப்பு வெள்ளை. ரெசிடெண்ட் ஈவில் கோட் வெரோனிகாவில் நம் உடல்நிலையை அதில் காட்டும். ஒரு நொடி குனிந்து பார்த்தால் போதும், படிக்க எதுவும் கிடையாது.

கடலூர்க்காரி:

கையடக்கத்திலும் எல்லாம் சொர்க்கம் என்று எழுதிவிடாதீர்கள். கிட் இகாரஸ் அப்ரைசிங் ஆடியவர்கள் கையைத் தூக்குங்கள், தூக்க முடிந்தால். இடது கட்டை விரலால் நடக்க வேண்டும், இடது சுட்டு விரலால் சுட வேண்டும், வலது கையில் ஸ்டைலஸ் பிடித்துக் கீழ்த் திரையில் குறி பார்க்க வேண்டும், கண் மட்டும் மேல் திரையில். கருவியின் எடை முழுக்க இடது கையில். பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்டாண்டு வைத்துக் கொடுத்த ஆட்டம் அது. மேசைமேல் ஸ்டாண்டில் வைத்து ஆடினால் அற்புதமான ஆட்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கையடக்கக் கருவிக்கு மேசை தேவைப்பட்டால் என்ன அர்த்தம்?

ஒத்தத்திரை:

என் கட்சிக்கு ஆள் சேர்கிறது.

இரவுக்கழுகு:

சேரட்டும். நான் இப்போது தோரில் பழைய டிஎஸ் ஆட்டங்களை ஓட்டுகிறேன், வாங்கப் போகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. டிஎஸ்ஸில் இரண்டு திரையும் ஒரே அளவு. தோரில் மேலே பெரியது, கீழே சின்னது. கீழே பை, வரைபடம் மட்டும் வைக்கும் ஆட்டங்களுக்கு இது இன்னும் வசதிதான். ஆனால் ஹோட்டல் டஸ்க் போலப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, ஒரு பக்கம் பேசுபவர், ஒரு பக்கம் கேட்பவர் என்று ஆடுகிற ஆட்டத்தில் ஒருவர் பெரியவராகவும் ஒருவர் சின்னவராகவும் தெரிகிறார். முன்னாள் போலீஸ்காரரான கதாநாயகன் விசாரணை செய்யும் இடங்களில் அது எதிர்பாராத விதமாகப் பொருந்தியும் போகிறது.

யோஷியில் அந்த இடைவெளி இன்னும் மோசம், கடலூர்க்காரி அக்கா. எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல இயங்கும் மென்பொருளில்) இடைவெளியின் அளவை மாற்றலாம், ஆனால் கருவியின் கீலை மாற்ற முடியாதே.

பெயர் வேண்டாம்:

புதிதாக வந்திருக்கிறேன். ஃபேண்டம் ஹவர்கிளாஸ் என்ற டிஎஸ் ஆட்டத்தை எமுலேட்டர் போட்டுப் போனில் ஆடுகிறேன். மேல் திரையில் இருக்கும் சின்னத்தைக் கீழே இருக்கும் கடல் வரைபடத்தில் "பதிக்க" வேண்டுமாம். தட்டினேன், இழுத்தேன், மைக்கில் ஊதினேன், ஒன்றும் நடக்கவில்லை. யாராவது சொல்ல முடியுமா?

நெல்லை ஸ்டைலஸ்:

டிஎஸ்ஸை மூட வேண்டும், தம்பி. மேல் திரை கீழ்த் திரையின் மேல் படிந்தால் சின்னம் வரைபடத்தில் ஒட்டிக்கொள்ளும், திறந்தால் இருக்கும். போனில் எதை மூடுவது என்றால், எமுலேட்டர் மெனுவில் மூடியை மூட, திறக்க ஒரு தேர்வு இருக்கும், தேடிப் பாருங்கள். மூடிவிட்டு உடனே திறந்துவிடாதீர்கள், ஒரு நொடி விடுங்கள்.

பெயர் வேண்டாம்:

வந்துவிட்டது! நன்றி அண்ணா.