பூம்பாறை பூண்டுத் தோட்டக் குழு

முருகேசன் மாமா: மண்ணைச் சோதித்துத் தரும் மண்வள அட்டை வந்துவிட்டது. அங்ககக் கரிமம், அதாவது மட்கிய இலைதழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் கரிமம், 2.6 சதவீதம், 'அதிகம்' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இந்தப் போகம் பூண்டுக்குக் குப்பை எரு வேண்டாம்தானே? மலைக்குக் கீழேயிருந்து ஒரு லோடு ஏற்றிவர லாரி வாடகையே கையைக் கடிக்கிறது.

செல்வி அக்கா: எங்கள் அட்டையிலும் 'அதிகம்'தான். நாங்கள் போன வருடமே குறைத்துவிட்டோம்.

கவிதா: மாமா, அவசரப்படாதீர்கள். 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே அட்டையில் 'அதிகம்' என்றுதான் வரும். சமவெளிக்கும் அதே அளவுகோல்தான். நம் மலையில் குளிரால் இலைதழை மெதுவாக மட்கும், கரிமம் இயல்பாகவே கூடுதலாக நிற்கும். சோலை ஓரத்து மண் எவ்வளவு கறுப்பு! சரிவில் உங்கள் மேல்படி நிலத்து மண் அப்படியா இருக்கிறது?

முருகேசன் மாமா: இல்லை. அங்கே செம்மண்ணே தெரிய ஆரம்பித்துவிட்டது.

கவிதா: அதுதான் என் கவலை. மழையில் முதலில் போவது மேல்மண். கரிமம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பிரபு: அக்கா, 2019-ல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வைப் படித்தேன். கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் கரிமம் 2 சதவீதம் வரை கூடக்கூட விளைச்சல் ஏறுகிறது, அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. மாமா நிலம் 2.6 ஆயிற்றே?

கவிதா: நல்ல கேள்வி. அதை 4 ஆக்கினால் மகசூல் கொட்டும் என்று நானும் சொல்லவில்லை. இருப்பதை இழக்க வேண்டாம் என்கிறேன். அப்புறம், நம் மண் புளிப்பு மண். அதில் கரைந்து வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை மட்கு பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேலை கோதுமைக் கணக்கில் தெரியாது.

பிரபு: குப்பையை நிறுத்தினால் உடனே இறங்கிவிடுமா?

கவிதா: உடனே இல்லை. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் பார்லி வயலில் ஒரு துண்டுக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுஉரம் போட்டார்கள். நிறுத்தி நூறு வருடம் தாண்டியும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அதில் கரிமம் கூடுதல். ஆனால் அது ஏறக்குறைய சமநிலம். நம் சரிவில் மண்ணே நிற்காவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

செல்வி அக்கா: அப்போது நாங்களும் மறுபடி போட வேண்டும். வரப்பில் மண்ணைப் பிடித்து நிற்கும் புல்லைச் செதுக்குவதையும் நிறுத்தச் சொல்கிறேன்.

முருகேசன் மாமா: சரி, மேல்படிக்கு மட்டும் முழு அளவு, கீழே பாதி. செல்வி, ஒரே லாரியில் ஏற்றுவோம், வாடகை ஆளுக்குப் பாதி. வியாழன் சரியா?

செல்வி அக்கா: சரி அண்ணா. நன்றாக மட்கியதாகப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.