அம்பாசடர் சூடானதும் மிஸ்ஸிங்: கார்பரேட்டரா, பாயிண்டா?

கானாடுகாத்தான்காரன்:
ஐயா வாங்கிய 1986 மாடல் பெட்ரோல் அம்பாசடர், 1489 சிசி. ஊர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போதுதான் எடுப்போம். காலையில் சோக் இழுத்தால் உடனே கிளம்பிவிடும். காரைக்குடி தாண்டி குன்றக்குடி போவதற்குள் சூடேறி மிஸ்ஸிங் அடிக்கிறது (இன்ஜின் விட்டுவிட்டு எரிகிறது), பிக்கப்பும் இல்லை. ப்ளக் எல்லாம் கருப்பு. மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் அதே கதைதான். இப்போது புது கார்பரேட்டர் வாங்கச் சொல்கிறார். அப்பத்தா இந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவேன் என்கிறார், விற்க மனமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

செக்காலை ரோடு:
எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்கள். காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்டின் தொல்லையே இருக்காது.

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, இப்போதைக்குக் கார்பரேட்டரைத் தொடாதீர்கள். ட்யூனிங்கில் அது கடைசி வேலை. டேப்பெட் (வால்வு இடைவெளி), ப்ளக், பாயிண்ட், டைமிங் (ப்ளக்கில் நெருப்பு விழும் நேரம்) நான்கும் சரியான பிறகுதான் அதன் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். ப்ளக்கில் நெருப்பு பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் முழுசாக எரியாமல் ப்ளக் கருத்துப்போகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கார்பரேட்டரைக் குற்றம் சொல்கிறார்கள்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் என்றால் என் சந்தேகம் முதலில் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் மேல், அடுத்து ப்ளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயில் மேல். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். முகம் கருகி, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்டைத் தேய்த்துப் போடாதீர்கள், பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.015 இன்ச், ப்ளக்குக்கு 0.025. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணளவு ஆகாது. பாயிண்டின் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் தானாகப் பின்தங்கும், இழுவை போகும். அதனால் பாயிண்டை வைத்த பிறகே டைமிங். ப்ளக் வயர்களைக் கழற்றினால் மாட்டும் வரிசை 1-3-4-2.

டேப்பெட்டை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். 2000-இல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடம் மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது, இடைவெளி குறைகிறது, கம்ப்ரஷன் கசிகிறது. சத்தம் போடும் டேப்பெட்டை விட சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். வைக்கும் கணக்கு சுலபம்: எட்டு வால்வில் அமுங்கியிருப்பதன் எண்ணையும் இடைவெளி வைப்பதன் எண்ணையும் கூட்டினால் 9 வர வேண்டும். 8-ஆம் வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 1-ஐ வையுங்கள், 6 அமுங்கும்போது 3-ஐ. அளவை வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயா அதைப் பத்திரமாக வைத்திருப்பார், தேடிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். நம்ம ஊர் செம்மண் புழுதி அடைத்திருந்தாலும் ப்ளக் கருக்கும்.

எலெக்ட்ரானிக் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வழியில் நின்றால் திருப்பத்தூரில் யார் பார்ப்பார்கள்? பாயிண்ட் என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

கானாடுகாத்தான்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்னபடியேதான் பாயிண்டில் மேடும் குழியும். கண்டென்சரோடு மாற்றி, டைமிங் வைத்தோம். டேப்பெட் இரண்டு இறுகியிருந்தன, அவற்றையும் சரிசெய்தோம். பிள்ளையார்பட்டி வரை அப்பத்தாவோடு போய் வந்தேன், மிஸ்ஸிங் இல்லை. கார்பரேட்டர் பழையதேதான். பெட்ரோல் வாடை மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

தேவகோட்டை அண்ணன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. வாடையை விட்டுவைக்காதீர்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸில் அது வெடிப்பு விட வைக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரை, பம்பிலிருந்து கார்பரேட்டர் வரை ரப்பர் ஹோஸ் எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.