பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி: பண்டாரிமார் யோசனை சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். பள்ளிவாசலில் தேக்சாவில் (பெரிய சமையல் அண்டாவில்) காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் இரண்டு விஷயங்களுக்கு அனுபவமுள்ள பண்டாரிமாரின் (சமையல்காரர்களின்) உதவி தேவை.

இப்போதைய அளவு: அரசு தரும் பச்சரிசியை நொய்யாக உடைத்து 10 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு ஒன்றரை கிலோ, வெந்தயம் 200 கிராம், தண்ணீர் 90 லிட்டர். தாளிப்பில் பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை இலை, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லி. கொத்துக்கறி வதங்கியபின் தண்ணீர் கொதிக்கவைத்து நொய் போடுகிறோம். தேங்காய்ப்பால் கடைசியில்தான், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

முதல் சிக்கல், அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பின் வாளியில் ஊற்றும்போது பதமாக இருக்கும் கஞ்சி, நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குள் இறுகிவிடுகிறது. நொய் ஆறஆறத் தண்ணீரை இழுக்கிறது. வெந்நீர் கலந்தால் உப்பும் மணமும் குறைகின்றன. தொடக்கத்திலேயே 100 லிட்டர் வைக்கலாமா, நொய்யைக் குறைக்கலாமா?

இரண்டாவது, அடிப்பிடித்தல். பருப்பு கரைந்து கஞ்சி கெட்டியாகும் கடைசி அரைமணி நேரத்தில்தான் பிடிக்கிறது. விறகை இழுத்துத் தணலில் விட்டாலும் தேக்சாவின் நடுப்பகுதி தீய்கிறது. லேசாகத் தீய்ந்தாலும் முழுக் கஞ்சியிலும் அந்த வாடை ஏறிவிடும், நோன்பாளிகளுக்கு அதைக் கொடுக்க மனம் வராது. பருப்பைத் தனியாக வேகவைத்துப் பிறகு சேர்ப்பவர்கள் இருந்தால், எந்தக் கட்டத்தில் சேர்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கறியில்லாமல் காய்ச்சுபவர்கள் 10 கிலோவுக்கு எத்தனை தேங்காய் என்பதையும் எழுதுங்கள்.