ஏத்தத்துல முன்பக்கம் மரத்துப்போகுது: பொம்பளைகளுக்கு எந்த சைக்கிள் சீட் சரி?

தலவாக்கலை_மிதி கேட்டது:
லிந்துலை, நானுஓயா வழியா நுவரெலியாவுக்கு ஏறும்போது உட்கார்ற இடத்துல முன்பக்கம் மரத்துப்போகுது, எரிச்சலும் இருக்கு. இறக்கத்துல ஒன்னும் தெரியலை. கியர் சைக்கிள், ஆம்பளைகளுக்கு செஞ்ச ஃபிரேம், சீட்டோட அகலம் 14 செ.மீ. மேல ஜெல் கவர் போட்ட பிறகு வலி கூடினதுதான் மிச்சம். கடையில 21 செ.மீ அகலத்துல ஸ்பிரிங் வச்ச "லேடீஸ் சீட்" காட்டுறாங்க. வாங்கலாமா? போடுறது ஜீன்ஸ்தான்.

பழைய_செயின்:
வாங்காதீங்க தங்கச்சி. கவரையும் கழட்டி வைங்க. மெத்தை கூடினா உட்காரும் எலும்பு ரெண்டும் அதுக்குள்ள அமுங்கிடும். நடுவுல இருக்குற ஜெல் மேல பிதுங்கி மென்மையான இடத்துல அழுத்தும். வலி கூடினதுக்குக் காரணம் அதுதான். 21 செ.மீ சீட் நிமிர்ந்து உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போக நல்லா இருக்கும். குனிஞ்சு மணிக்கணக்கா மிதிச்சா தொடையோட உள்பக்கம் ரெண்டும் உரசிப் புண்ணாகும்.

முதல்ல எலும்பு இடைவெளியை அளங்க. ஒரு நெளி அட்டையை (பிஸ்கட் பெட்டி அட்டை போதும்) கெட்டியான ஸ்டூல்ல வைங்க. மெல்லிய துணியோட அதுமேல உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ற மாதிரி காலுக்குக் கீழ பலகை வைங்க. முன்னால குனிஞ்சு, ஸ்டூலைப் பிடிச்சு உடம்பைக் கீழ இழுத்து அரை நிமிஷம் இருங்க. அட்டையில ரெண்டு குழி விழும். சாக்பீஸைப் படுக்கவச்சு தேய்ச்சா குழி மட்டும் வெறுமையாத் தெரியும். ஒரு குழியோட நடுவுலயிருந்து மத்தக் குழியோட நடு வரைக்கும் அளங்க.

அந்த அளவோட, நல்லாக் குனிஞ்சு ஓட்டினா 10 மி.மீ, நடுத்தரமா குனிஞ்சா 20 முதல் 25, நிமிர்ந்து ஓட்டினா 30க்கு மேல கூட்டுங்க. சீட்டோட ஓரம் ரெண்டும் கீழ வளைஞ்சிருக்கும், அங்க எலும்பு தங்காது. அதுக்குத்தான் இந்தக் கூடுதல். "லேடீஸ்"னு ஒட்டியிருக்கான்னு பார்க்க வேணாம், அகலத்தைப் பாருங்க. சின்ன உருவமா இருந்தாலும் எலும்பு இடைவெளி அகலமா இருக்கலாம்.

ஊவா_ரோடு:
அகலம் சரி, ஆனா ஏத்தத்துல மட்டும் வருதுன்னா சாய்வையும் பார்க்கணும். 7 சதவீத ஏத்தத்துல முழு சைக்கிளும் சுமார் 4 பாகை பின்னால சாயும். தரையில மட்டமா இருந்த சீட்டோட மூக்கு (முன் நுனி) அங்க மேல நிமிர்ந்து நிக்கும். நீங்களோ ஹேண்டிலை நோக்கிக் குனியிறீங்க. பிறகு மரத்துப்போகாம என்ன செய்யும்?

சீட்மேல நேரான பலகை ஒன்னை வச்சு, அதுமேல ரசமட்டம் இல்லாட்டி ஃபோனை வைங்க. மட்டத்துலயிருந்து மூக்கை 1 முதல் 2 பாகை கீழ இறக்குங்க. 27 செ.மீ நீள சீட்டுல 2 பாகைன்னா மூக்கு ஒரு செ.மீ அளவு தாழும். அதுக்கு மேல இறக்கினா உடம்பு முன்னால வழுக்கும், எடையெல்லாம் மணிக்கட்டுக்குப் போகும். வெலிமடைப் பக்கம் இறங்கும்போது அது பெரிய தொல்லை.

உயரம்: செருப்பில்லாம சுவரோட நின்னு, தடிச்ச புத்தகத்தைக் கால் இடுக்குல இறுக்கி, தரையிலயிருந்து புத்தக விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.883ஆல பெருக்கினா, கிராங்க் அச்சோட (மிதிகட்டைக் கை சுத்துற அச்சு) நடுவுலயிருந்து சீட்டோட மேல்பக்கம் வரைக்கும் உள்ள உயரம் வரும். 72 செ.மீ கால்னா 63.6. சீட் உயரம் கூடினா இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும்; ஒரு பக்கம் மட்டும் உரசினா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

ஆம்பளை ஃபிரேம்னு சொன்னீங்க. ஹேண்டில் தூரமா இருந்தா இடுப்பு முன்னால உருண்டு மென்மையான இடத்துலதான் பாரம் விழும். ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் 100 மி.மீ இருந்தா 80 போட்டுப் பாருங்க. பல நேரம் சீட் மாத்தவே வேண்டி வராது.

மூடுபனி:
ஜீன்ஸைப் பத்தி யாரும் பேசலையே! தடிச்ச தையல் நாலும் வந்து சேர்ற இடம் சரியா வலிக்கிற இடம்தான். பேட் (உள்ளே தைச்ச மெத்தை) வச்ச சைக்கிள் கால்சட்டை போடுங்க, உள்ளாடை இல்லாம. வெளிய போட ஒரு மாதிரியா இருந்தா மேல தொளதொள டிராக் பேன்ட். ரெண்டு வாங்குங்க, நுவரெலியாவுல மழை மாசத்துல ஒன்னு காய ரெண்டு நாளாகும். ஈரப் பேடைப் போட்டா பூஞ்சைத் தொற்று வரலாம். அடுப்புக்கு மேல காயப்போட்டா பேட் சுருங்கி கட்டியாகும்.

நடுவுல ஓட்டை உள்ள சீட் எல்லாருக்கும் ஒத்துவராது. சிலருக்கு அந்த ஓட்டையோட விளிம்பே வெட்டும். அவங்களுக்கு ஆழமான பள்ளம் உள்ளது மேல். மட்கார்ட் இல்லாட்டி பின் டயர் அடிக்கிற சேத்துத் தண்ணியும் அந்த ஓட்டை வழியா நேரா மேல வரும்.

மரப்பு இறங்கின பிறகும் போகலைன்னா, ஒரு பக்கம் வீங்கினா, கட்டியாத் தட்டுப்பட்டா, ஓட்டுறதை நிறுத்திட்டு டொக்டரிடம் காட்டுங்க.

தலவாக்கலை_மிதி:
அளந்தேன், 128 மி.மீ. சீட் மூக்கு நல்லா மேல தூக்கித்தான் இருக்கு. ஆனா போல்ட்டைத் தளர்த்தினா ஒரு பல் கீழ போகுது, ரொம்பச் சாய்ஞ்சிடுது. நடுவுல நிக்க மாட்டேங்குது.

பழைய_செயின்:
128 + 25 = 153. அப்போ 155 மி.மீ சீட். 143 மி.மீ சீட் பத்தாது.

சீட்டைப் பிடிக்கிற கிளாம்ப் பல் வச்ச பழைய மாதிரின்னா, அதுல நுணுக்கமா சாய்வு வைக்க முடியாது. பாதிப் பல்லுல நிறுத்தி இறுக்கினா பல் தேய்ஞ்சு, ரோட்டுப் பள்ளத்துல விழுந்ததும் சீட் சாயும். தலையிலேயே ரெண்டு போல்ட் உள்ள சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்குற குழாய்) வாங்குங்க. ஒன்னைத் தளர்த்தி மத்ததை இறுக்கினா கொஞ்சம் கொஞ்சமா சாய்க்கலாம். வாங்க முன்னாடி இப்ப உள்ள போஸ்ட்டோட விட்டத்தை வேர்னியரால (நுணுக்கமா அளக்குற கருவி) அளங்க. 27.2 மி.மீ நிறைய சைக்கிள்ல வரும், ஆனா ஊகிக்காதீங்க, 0.2 மி.மீ குறைஞ்சாலும் வழுக்கி இறங்கும். புது சீட் மெலிசா இருந்தா போஸ்ட்டை உயர்த்தணும். அதுல பொறிச்சிருக்குற கோடு ஃபிரேமுக்கு வெளிய தெரியக் கூடாது.