ஹைட்ராலிக் எண்ணெயில் உலோகத் துகள்கள்: சென்சாரை எங்கே பொருத்துவது?

கேள்வி:
எங்கள் பிரஸ் இயந்திரத்தின் ஆக்சியல் பிஸ்டன் பம்பு ஒருமுறை எந்த அறிகுறியும் காட்டாமல் பழுதானது. அதன்பின், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில், ஃபில்டரைத் தாண்டி, ஒளியியல் துகள் எண்ணி ஒன்றைப் பொருத்தினோம். ஓடத் தொடங்கும்போது, எண்ணெயில் எவ்வளவு துகள் என்பதை மூன்று அளவு வரம்புகளில் காட்டும் ஐஎஸ்ஓ 4406 குறியீடு 18/16/13 என்றிருக்கிறது. அரை மணி நேரத்தில் முதல் எண் 21 ஆகிவிடுகிறது. எண்ணெயிலுள்ள உலோகங்களை அளக்கும் ஆய்வக நிறமாலைச் சோதனையிலோ இரும்பு கூடவில்லை. தேய்மானத் துகளை மட்டும் பிரித்தறியும் சென்சார் உண்டா?

பதில் 1:
அந்த எண்ணி, ஒளிக்கற்றையை மறிக்கும் எதையும் துகளாகவே கணக்கிடும். காற்றுக்குமிழும் நீர்த்திவலையும் அதில் அடக்கம். குறியீட்டில் ஒரு படி ஏறினால் எண்ணிக்கை இரட்டிக்கும் என்பதால், மூன்று படி என்பது எட்டு மடங்கு. இயந்திரம் நின்றதும் குறியீடு தானே இறங்குமானால், முதலில் உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்பது தூண்டல் வகைச் சென்சார். சுருளின் வழியே இரும்புத் துகள் செல்லும்போது தூண்டல் கூடும்; வெண்கலம் போன்றவற்றில் எழும் சுழல் மின்னோட்டத்தால் அது குறையும். ஆகவே இரண்டையும் பிரித்தறியலாம். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் அதற்குப் புலப்படா. அதிலும் இரும்பல்லாத துகள் இன்னும் பெரிதாக இருந்தால்தான் பிடிபடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் இடமே தவறு என்பேன். பிடிக்க வேண்டியதை ஃபில்டர் பிடித்துக்கொண்ட பிறகு சென்சாருக்கு என்ன மிஞ்சும்? பிஸ்டன் ஷூ (பிஸ்டன் முனையில் உள்ள சறுக்குப் பாகம்), அது உராயும் சாய்தட்டான ஸ்வாஷ் பிளேட் ஆகியவற்றின் தேய்மானம் பெரும்பாலும் கேஸ் டிரெயின் (பம்பின் உறைக்குள் கசியும் எண்ணெயை வெளியேற்றும் குழாய்) வழியாகவே வெளியேறுவதால், அந்தக் குழாயில், ஃபில்டருக்கு முன் பொருத்துங்கள். பல பம்புகளில் ஷூவின் உராயும் பரப்பு வெண்கலம் அல்லது பித்தளை. இரும்புத் துகளை மட்டுமே ஈர்த்துப் பிடிக்கும் காந்த பிளக்கை நம்பினால் ஷூ தேய்வதே தெரியாது. சென்சாரின் துளை குறுகலாக இருந்து கேஸ் அழுத்தம் ஏறினால் ஷாஃப்ட் சீல் போய்விடும், கவனம். நிறமாலைச் சோதனையும் சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரிவரக் கணக்கில் கொள்ளாது. எனவே இரும்பு கூடவில்லை என்ற அறிக்கையால் நிம்மதி கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
உறிஞ்சு குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. இறுக்கியபின் எண் 18-லேயே நிற்கிறது. தூண்டல் சென்சாருக்கு எச்சரிக்கை அளவை எவ்வளவு என்று வைப்பது?

பதில் 2:
எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. புதிய பம்பு பழகும் காலத்தில் துகள் அதிகம் வருவது இயல்பு. அது அடங்கியபின் சில வாரப் பதிவை அடிப்படையாகக் கொண்டு, மணிக்கு எத்தனை துகள் என்ற வீதம் தொடர்ந்து ஏறும்போது எச்சரிக்குமாறு அமையுங்கள். ஒற்றைத் துகளுக்கெல்லாம் இயந்திரத்தை நிறுத்தினால், இரண்டாம் வாரத்தில் யாரோ அந்த அலாரத்தின் வயரைக் கழற்றிவிடுவார்கள்.