14 சிஸ்டத்திலும் உபுண்டு பெயரை மாற்றினேன், இப்போது டிரைவர் ஏற மறுக்கிறது. உதவி தேவை

டி.எச்.ரோடு மையம்:
தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். 14 சிஸ்டம், எல்லாம் உபுண்டு 22.04 (லினக்ஸ் ஓஎஸ்). ஆபீஸ் மேசையில் தனியாக ஒன்று. எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினால் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் உரிந்துவிடுகிறது. "அந்த ஓரத்து மெஷின் சார்" என்று பசங்க சொன்னால் எந்த ஓரம் என்று நானே தேட வேண்டியிருக்கிறது. அதனால் செட்டிங்ஸ், அபௌட் பக்கத்தில் மையத்தின் பெயரும் எண்ணும் தெரியட்டும் என்று ஓஎஸ் பெயர் எழுதியிருக்கும் ஓஎஸ்-ரிலீஸ், எல்எஸ்பி-ரிலீஸ் இரண்டு கோப்பிலும் உபுண்டு என்று இருந்த இடமெல்லாம் மாற்றினேன். ஆபீஸ் சிஸ்டத்தைத் தொடவில்லை.

இப்போது பிரிண்டர் டிரைவர் "இந்த சிஸ்டத்துக்கு ஆதரவு இல்லை" என்கிறது. மூன்று சிஸ்டத்தில் மட்டும் ஏறிவிட்டது. அந்த மூன்றிலும் போன வாரம் கையால் அப்டேட் போட்டேன், அபௌட் பக்கமும் பழையபடி உபுண்டு ஆகிவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வியாசர்பாடி லினக்ஸ்:
அண்ணே, உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு, பேஸ்-ஃபைல்ஸ் என்ற பேக்கேஜுக்கு (அடிப்படைக் கோப்புகளின் தொகுப்பு) சொந்தம். அப்டேட் வந்ததும் புதுசை மேலே எழுதிவிடும். அதில் ஐடி என்ற வரியைப் பார்த்துத்தான் டிரைவர் இன்ஸ்டாலர் இது என்ன லினக்ஸ் என்று முடிவு செய்யும். வெளியே காட்டும் பெயரான பிரெட்டி நேம் வரி மட்டும் மாறியிருந்தால் இவ்வளவு தகராறு வந்திருக்காது.

எனக்குக் கவலை அதுவல்ல. அப்டேட் நேரத்தில் எல்எஸ்பி-ரிலீஸ் கோப்பைப் புதுசாக மாற்றவா, "Y"-யா "N"-ஆ என்று கேட்டதா?

டி.எச்.ரோடு மையம்:
கேட்டது தம்பி. எண்டர் தட்டிவிட்டேன்.

வியாசர்பாடி லினக்ஸ்:
எண்டர் என்றால் பழைய கோப்பையே வைத்துக்கொள் என்று அர்த்தம். தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட் கமாண்டை ட்ரை-ரன் (ஒத்திகை மட்டும்), டீபக் (விவரம் காட்டு) போட்டு ஓட்டுங்கள். யார் வெளியிட்ட அப்டேட்டை ஏற்கலாம் என்று சொல்லும் "அலவுட் ஆரிஜின்ஸ்" வரியில் என்ன வருகிறது?

டி.எச்.ரோடு மையம்:
"ஓ=டிஎச்ரோடு, ஏ=ஜாமி-செக்யூரிட்டி". அந்த மூன்றிலும் இதேதான்.

வியாசர்பாடி லினக்ஸ்:
நினைத்தேன். அந்த வரி எல்எஸ்பி-ரிலீஸில் உள்ள பெயரைத்தான் எடுக்கும். ஜாமி என்பது 22.04-இன் பெயர், அது சரி. ஓ= என்ற இடத்தில் உபுண்டு என்று இருக்க வேண்டும். டிஎச்ரோடு என்ற பெயரில் உலகத்தில் யாரும் பேக்கேஜ் வெளியிடவில்லை அண்ணே! 14 சிஸ்டத்திலும் தானாக வரும் பாதுகாப்பு அப்டேட் சத்தமே இல்லாமல் நின்றிருக்கிறது.

முதலில் ஆபீஸ் சிஸ்டத்திலிருந்து எல்எஸ்பி-ரிலீஸை எல்லாவற்றுக்கும் காப்பி செய்யுங்கள். ரீஇன்ஸ்டால் போட்டாலும் நீங்கள் திருத்திய அந்தக் கோப்பு திரும்பாது, அதனால்தான் காப்பி. ஓஎஸ்-ரிலீஸுக்கு பேஸ்-ஃபைல்ஸை ரீஇன்ஸ்டால் செய்தாலே போதும்.

எண்ணுக்கு, சிஸ்டத்துக்குப் பெயர் வைக்கும் ஹோஸ்ட்நேம்-சிடிஎல் கமாண்ட் இருக்கிறதே. செட்-ஹோஸ்ட்நேமோடு பிரெட்டி ஆப்ஷன் சேர்த்தால் இடைவெளி விட்டு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். அது மெஷின்-இன்ஃபோ கோப்பில் போய் உட்காரும், அப்டேட் தொடாது. நீங்கள் ஆசைப்பட்ட அதே அபௌட் பக்கத்தில் டிவைஸ் நேம் என்று மேலேயே தெரியும். செட்-லொகேஷன் போட்டு எந்த வரிசை என்றும் குறிக்கலாம். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே வேறு சிஸ்டத்தில் கமாண்ட் ஓட்டும் வசதி) இருந்தால் 1 முதல் 14 வரை ஒரு ஃபார் லூப் (அதே கமாண்டை வரிசையாகத் திரும்ப ஓட்டுவது), வேலை முடிந்தது.

ராயபுரம் ப்ரௌசிங்:
தமிழ்ப் பெயர் பிரெட்டியில் மட்டும்தான். நெட்வொர்க்கில் தெரியும் ஹோஸ்ட்நேமுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், நடுவில் ஹைஃபன், அவ்வளவுதான்.

டி.எச்.ரோடு மையம்:
செய்துவிட்டேன். ஆரிஜின்ஸ் வரியில் உபுண்டு வந்துவிட்டது, டிரைவரும் ஏறிவிட்டது. அபௌட் பக்கத்தில் "ஜன்னலோரம் 7" என்று தமிழில் நிற்கிறது. 11 மட்டும் ஆன் ஆகவில்லை, எலி ஒயரைக் கடித்திருக்கிறது. அதை வேறு பதிவில் கேட்கிறேன்.