ஃபங்ஷன் என்ன எர்ரர் த்ரோ பண்ணும்னு டைப்ஸ்கிரிப்ட் சிக்னேச்சர்லயே சொல்ல முடியுமா?

திருநகர்_டெவ்:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான பில்லிங் ஆப். பில் போடுற ஃபங்ஷன் மூணு விதமா ஃபெயில் ஆகும்: எடை பூஜ்யம், அன்னிக்கு மல்லி விலை இன்னும் பதியலை, நெட்வொர்க் இல்லை. சிக்னேச்சர்ல (ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன தரும்னு சொல்ற வரி) பில்லுக்கான ப்ராமிஸ்னு (பின்னாடி வரப்போற பதில்) மட்டும்தான் இருக்கு. ஜாவால த்ரோஸ் எழுதுற மாதிரி இங்க வழி உண்டா?

மேலூர்_வாய்க்கால்:
இல்லை. எர்ரரைப் பிடிக்கிற கேட்ச்ல எது வேணா வரலாம், அதான் டைப்ஸ்கிரிப்ட் 4.4 பதிப்புல இருந்து ஸ்ட்ரிக்ட் செட்டிங் போட்டா அதோட டைப் அன்னோன், அதாவது என்னன்னு தெரியாதது. ப்ராமிஸ் டைப்லயும் ரிஜெக்ட் எர்ரரைச் சொல்ல இடம் கிடையாது. ஜேஎஸ்டாக் கமென்ட்ல எழுதுற த்ரோஸ் வெறும் குறிப்பு, கம்பைலர் சரிபார்க்காது.

எர்ரரை ரிட்டர்ன் டைப்புக்குள்ள கொண்டு வாங்க. யூனியன்ல (இதுவோ அதுவோன்னு சொல்ற டைப்) ஒரு பக்கம் ஓகே ட்ரூ, கூட பில். மறுபக்கம் ஓகே ஃபால்ஸ், கூட காரணம்: 'எடை', 'விலை', 'நெட்வொர்க்'னு ஸ்ட்ரிங் லிட்டரல். ஓகேயைப் பார்க்காம பில்லைத் தொட்டா கம்பைல் ஆகாது. காரணத்துக்கு ஸ்விட்ச் போட்டு, டிஃபால்ட்ல அதை நெவர் (எந்த மதிப்பும் ஏற்காத) டைப் வேரியபிளுக்கு அசைன் பண்ணுங்க. நாளைக்கு நாலாவது காரணம் சேர்த்தா, விட்டுப்போன ஸ்விட்ச் எல்லாம் எர்ரர் காட்டும்.

ட்ரைக்குள்ள, சர்வரைக் கேட்கிற ஃபெட்ச்சும், பாடியை டெக்ஸ்ட்டா வாசிக்கிற வரியும் மட்டும் இருக்கட்டும். முழு ஃபங்ஷனையும் சுத்தி வச்சா, உங்க கோடுல இருக்குற பிழைகூட 'நெட்வொர்க்'னு வந்து நிக்கும். சர்வர் 500 அனுப்பினா ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகாது, ரெஸ்பான்ஸோட ஓகேயைத் தனியா பாருங்க.

வைகை_தென்கரை:
ஜாவா த்ரோஸுக்கு ஆசைப்பட வேணாம். ஜாவா 8 ஃபங்ஷன் இன்டர்ஃபேஸ்ல த்ரோஸ் இல்லாததால, ஸ்ட்ரீம் மேப்ல (பட்டியல்ல ஒவ்வொண்ணையும் மாத்துற இடம்) ஐஓஎக்செப்ஷன் (ஃபைல், நெட்வொர்க் எர்ரர்) வந்தா கம்பைல் ஆகாது. அன்செக்ட்ஐஓஎக்செப்ஷன்ல பொதிஞ்சு அனுப்புறாங்க; அதோட சிக்னேச்சர்ல இருந்து எர்ரர் மறைஞ்சிருது. ஸ்விஃப்ட் 6 இதைச் சரியா பிடிச்சிருக்கு: த்ரோஸுக்கு அடுத்து அடைப்புக்குறில எர்ரர் டைப், நெவர்னு போட்டா த்ரோவே கிடையாது. மேப் தன்கிட்ட வர்ற க்ளோஷரோட (உள்ள கொடுக்குற ஃபங்ஷன்) எர்ரர் டைப்பை ஜெனரிக்கா வாங்கி அப்படியே வெளிய விடுது.

இன்னொண்ணு: டேட்டாபேஸ் எர்ரரை எல்லாம் திரை வரைக்கும் யூனியன்ல ஏத்தாதீங்க. ஒவ்வொரு லேயர்லயும் மேல இருக்கவருக்குப் புரியுற காரணமா மாத்திருங்க.

திருநகர்_டெவ்:
நன்றிண்ணே. பில்லை அழிக்கிற ஃபங்ஷன்ல திரும்ப எதுவும் வேணாமே. ரிசல்ட்டையே பார்க்காம விட்டா?

மேலூர்_வாய்க்கால்:
கம்பைலர் பிடிக்காது. ரஸ்ட்ல ரிசல்ட்டைக் கண்டுக்காம விட்டா எச்சரிக்கை வரும், இங்க அது இல்லை. கோடைச் சோதிக்கிற டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லிண்ட்டோட ஃப்ளோட்டிங் ப்ராமிஸ் விதி, அவைட் (ப்ராமிஸ் முடியுற வரை காத்திருக்கச் சொல்றது) விட்டுப்போனதைத்தான் காட்டும். அந்த மாதிரி ஃபங்ஷன்ல த்ரோவே வச்சுக்கங்க. அவைட் போட்டிருந்தா, யாரும் கேட்ச் பண்ணலைன்னா அங்கயே நின்னுரும், அழிஞ்சிருச்சுன்னு நம்பி அடுத்த வரிக்குப் போகாது.